கீழ்க் கண்ணாடி

டுலூத் நகரில் விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கொதித்ததில் பின்கதவுக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. ரோல்ஃப் அட்டைகளைப் புரட்டிக் கேள்வி கேட்க, அவன் மனைவி இங்க்ரிட் கஞ்சியைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னாள். பல வருஷமாகக் குழந்தைகள் பிரிவில் நர்ஸ் அவள். இனி தானே பரிசோதித்து மருந்து எழுதுவதற்கான தேர்வு சனிக்கிழமை. இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்தில்தான் மகள் லினேயா இறந்துபோனாள், மூன்று வயதில்.

"குழந்தை எந்த வயசுல பார்த்து வரையும்? வட்டம்?"

"மூணு வயசு."

"சதுரம்?"

"நாலு."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே போல, நர்சம்மா! பாஸ் பண்ணு, இந்த வீட்டை வித்துட்டுப் போயிடலாம். இங்க இருக்க என்னால முடியல. முக்கோணம்?"

இங்க்ரிட் பின்பக்கம் திரும்பினாள். கதவுக் கண்ணாடியில், அவள் இடுப்புக்கும் கீழே, ஆவியில் ஒரு முக்கோணம் இருந்தது. கோடுகள் நடுங்கியிருந்தன. ஆனால் மூன்று முனைகளும் சரியாகச் சேர்ந்திருந்தன. அதே இடத்தில் லினேயா எப்போதும் வட்டம்தான் போடுவாள். போன குளிர்காலத்தில் அங்கே ஒரு சதுரம் இருந்தது. ரோல்ஃப் கிறுக்கியது என்று நினைத்து இங்க்ரிட்தான் துடைத்தாள்.

"என்ன, மறந்துடுச்சா?"

"அஞ்சு."

"சாய்சதுரம்?"

கண்ணாடியின் ஓரங்களில் ஆவி விலகத் தொடங்கியது. அவள் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தீயைக் கூட்டினாள்.

"அதுக்கு ஆறேழு வயசு ஆகும்" என்றாள். "அதுவரைக்கும் வீட்டை விக்க வேண்டாம், ரோல்ஃப்."