பெரியப்பாவின் காருக்குப் பூஜை

கொட்டகைக்குள் நின்ற ஸ்கூட்டரை வாசலில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் பெரியப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினான் குமரகுரு. ஸ்கூட்டருக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாக அவனைச் சுமந்ததற்கு இதுதான் மரியாதை!

ஆறு மாதம் மெக்கானிக் வந்து வந்து போனார். என்ஜின் புதுசு, சீட்டு புதுசு, பெயின்ட் புதுசு.

"நம்பர் பிளேட்டைத் தவிர வேற ஏதாவது பழசு மிச்சம் இருக்கா, பெரிய மனுசா?" என்று கேட்டது ஸ்கூட்டர்.

"பொறாமை உனக்கு! நான் பரம்பரைச் சொத்து. பெரியப்பா மேல அவனுக்கு அவ்வளவு பாசம்," என்றது கார்.

பூஜைக்குப் பெரியப்பாவே ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் நாலடி நகர்ந்து பழங்களை நசுக்கிவிட்டு, அப்படியே பின்வாங்கிக் கொட்டகைக்குள் போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியப்பா கதவில் கை வைத்தார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு தடவை ஓட்டிக்கிட்டுப் போகட்டுமாடா?"

"ஐயோ பெரியப்பா, மழை தூறுது. ரோடெல்லாம் சகதி. பாலிஷ் போயிடும்!" என்று குமரகுரு அவர் கைபட்ட இடத்தைத் துடைத்து, காருக்கு உறை போட்டு மூடினான். பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். பெரியப்பா மஞ்சப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

உறைக்குள்ளிருந்து கார் பதறியது. "அடேய், அவர் நனையிறாரே!"

"நனைஞ்சா என்ன?" என்றது ஸ்கூட்டர். "அவருக்கென்ன, பாலிஷா போட்டிருக்கு?"