பல்லாவரத்தில் ஏறுபவள்

எவர்சில்வர் சம்புடத்தை அவள் தன் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

இடைவெளி விட்டு அமர்வதற்காக, இருக்கையின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பெருக்கற்குறி ஒட்டப்பட்டிருந்தது. சம்புடம் அதனை முழுமையாக மறைக்கவில்லை. சற்றே நகர்த்தினாள்.

இப்போது மறைந்தது.

தாம்பரத்தில் ஏறுபவள் இடம் போடவேண்டும். பல்லாவரத்தில் ஏறும் அக்காளுக்கு முழங்கால் வலி. நின்றுகொண்டு வர இயலாது. ஒன்பது ஆண்டுகளாக மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் இதுவே வழக்கம். எட்டு மாதங்கள் ஊர் பூட்டிக் கிடந்தது என்பதற்காக வழக்கம் மாறிவிடுமா?

சம்புடம் அக்காளுடையது. மார்ச்சு மாதத்துக் கடைசிப் பயணத்தில் மாவடு போட்டுக் கொடுத்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருதல் முறையன்று. நார்த்தங்காய் ஊறுகாய் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

குரோம்பேட்டையில் ‘குரோம்பேட்டை’ ஏறினாள். அப்பெட்டியில் எவருக்கும் வேறு பெயர் இருந்ததில்லை.

“என்ன தாம்பரம், தலையெல்லாம் உரிச்ச பூண்டு மாதிரி ஆயிடுச்சு?”

“மை போட்டா மட்டும் யாரு பாக்கப் போறா? பாதி மூஞ்சிய மூடியாச்சு.”

“எனக்கு அது வசதிதான்டி. முன்பல்லு ஒண்ணு போச்சு.”

இருவரும் முகக்கவசத்திற்குள் சிரித்தனர். எதிரில் அமர்ந்த குரோம்பேட்டையின் பார்வை சம்புடத்தின்மேல் விழுந்தது.

“அக்கா எப்படி இருக்காங்க? போன்ல பேசினியா?”

“எங்கிட்ட நம்பர் ஏது? உங்கிட்ட இருக்கும்னு இல்ல நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான்... உங்கிட்ட இருக்கும்னு.”

வண்டி நகர்ந்தது.

“அவங்க பேராவது தெரியுமா?”



அக்காளின் பித்தப்பையிலிருந்து எத்தனை கற்களை எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். இளைய மகன் கத்தரிக்காய் தின்னமாட்டான் என்று தெரியும். மாமியார் இறந்த அன்று அக்காளுக்கு அழுகை வரவில்லை என்பதும் தெரியும். அதனை அக்காள் வேறெவரிடமும் சொல்லியிருக்கமாட்டாள்.

பெயரைக் கேட்கவேண்டிய நாள் எதுவும் வந்ததில்லை.

ஊரடங்கின் இரண்டாம் மாதம், சம்புடத்தைத் துலக்கும்போது அடியில் எழுத்துகள் தட்டுப்பட்டன. பெயர் வெட்டிய பாத்திரம்! ஈரக்கையோடு சாளரத்தருகே ஓடினாள்.

‘அன்பளிப்பு: சொ. பெரியகருப்பன் குடும்பத்தார், 12.6.91.’

கொடுத்தவர் பெயர் இருந்தது. பெற்றவள் பெயர் இல்லை.

மாலைதோறும் தொலைக்காட்சியில் மாவட்டத்திற்கு இத்தனை பேருக்குத் தொற்று என்று வாசித்தார்கள். பல்லாவரம் அடங்கிய செங்கற்பட்டு வரும்வரை அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள். எண்ணிக்கை மட்டுமே வரும். பல்லாவரம் வரை நடந்தே போய்விடலாம் என்று ஒருநாள் செருப்பை மாட்டினாள்.

போய், யாரைத் தேடுவது?

செருப்பைக் கழற்றி வைத்தாள்.

பல்லாவரம்.

ஏறுவோர் அனைவருக்கும் கண்கள் மட்டுமே இருந்தன. அவள் கண்களைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள். அக்காள் இடக்காலை முதலில் வைப்பாள். கம்பியைப் பற்றி, “முருகா” என்று சொல்லித்தான் ஏறுவாள்.

வண்டி அரை நிமிடம் நின்றது.

எவரும் முருகனை அழைக்கவில்லை.

“இங்க ஆள் வருதா அக்கா?”

முப்பது வயதிருக்கும் ஒருத்தி, கழுத்தில் அலுவலக அட்டையோடு நின்றாள்.

“வருது.”

திரிசூலம். மீனம்பாக்கம். அந்தப் பெண் கம்பியைப் பற்றியபடி நின்றாள். குரோம்பேட்டை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழவந்தாங்கலில் கூட்டம் நெருக்கியது.

“எந்த ஸ்டேஷன்ல ஏறுவாங்க?”

அவள் சம்புடத்தின்மேல் கையை வைத்தாள்.

பரங்கிமலை கடந்த பின்னர்ச் சம்புடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தாள். பெருக்கற்குறியின்மேல் மருந்தைத் தெளித்தாள். துடைத்தாள். அமர்ந்தாள்.

“உன் பேரு என்னம்மா?”

பெண் விலகி அமர்ந்தாள்; விலக நான்கு விரற்கடை இடமே இருந்தது.

“பேரெல்லாம் எதுக்குங்க?”

அவள் கேட்டதும் தவறன்று. அந்தப் பெண் அஞ்சியதும் தவறன்று. அந்த எட்டு மாதங்களில் பெயர் கேட்டு வந்தவர்கள் பேரேட்டோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், நோய் வந்த வீட்டை அடைக்கத் தகரம் அடிப்பவர்கள் வந்தார்கள்.

கிண்டி வந்தது. சிலர் இறங்கினர். சிலர் ஏறினர்.

அவள் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். ஒன்பது ஆண்டுகளில் அப்பெட்டியில் ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னாள்.

“என் பேரு செண்பகவல்லி. மேற்குத் தாம்பரம். குளக்கரைத் தெரு, பதினாலாம் நம்பர். மாடி வீடு.”

அந்தப் பெண் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குரோம்பேட்டை திரும்பிப் பார்த்தாள். சம்புடத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையில் துழாவிக் கைப்பேசியை எடுத்தாள். புதிய பெயர் பதியும் பக்கத்தைத் திறந்தாள்.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றாள். “மெதுவா.”