ஏழு பேருக்குப் பாட்டு

"இது என்னம்மா, சுரங்கமா, கல்யாண வீடா?"

டெலிபோன் அறையில் சாப்பாட்டு நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஆபரேட்டரை மேனேஜர் ஒருமுறை இப்படிக் கேட்டிருக்கிறார். இன்று அதே மேனேஜர், அதே அறையில், அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, "அடுத்த பாட்டப் போடும்மா, நிறுத்தாத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்குச் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து பாதையை அடைத்துவிட்டது. வருகைப் பதிவேட்டின்படி உள்ளே ஏழு பேர். நல்ல வேளையாகப் பாதுகாப்பு அறைக்குள் ஓடிவிட்டார்கள். அங்கே காற்று இருந்தது, தண்ணீர் இருந்தது, டெலிபோன் கம்பியும் அறுபடவில்லை. மீட்புப் படையினர் பாறையைக் குடைந்து முடிக்கும்வரை பயம் தெரியாமல் இருக்க, கீழே இருந்தவர்கள் கேட்டது பாட்டு.

அந்த ஏழு பேரில் ஒருவர் அவள் கணவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சுருதி'. மனிதருக்குப் பாடாமல் இருக்க முடியாது. ஆனால் சுருதி மட்டும் அவரிடம் கிடையாது.

காதலனோடு ஓடிப்போகத் துடிக்கும் ஒருத்தியின் பாட்டைக் கைப்பேசியில் ஓடவிட்டு, டெலிபோனின் வாயருகே பிடித்தாள்.

"ஓடத்தான் நாங்களும் ரெடி, தங்கச்சி." ஸ்பீக்கரில் மேஸ்திரியின் குரல் வந்தது. "வழிய மட்டும் யாராவது காட்டச் சொல்லு."

அடுத்து மழைப் பாட்டு.

"ஐயையோ, அது வேணாம். இங்க ஏற்கனவே மேல இருந்து சொட்டுது."

"சொட்டுதா? எவ்வளவு சொட்டுது?" மேனேஜர் பாய்ந்தார்.

"சும்மா சொன்னேன் சார். பாட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டுமேன்னு."

கீழே சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பில் ஒரு குரலைத் தேடிவிட்டு அவள் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுங்கண்ணே."

"தூங்குறான்மா."

"போன தடவ கேட்டப்ப சாப்பிடுறாருன்னீங்க. அதுக்கு முன்னால இருமுறாருன்னீங்க."

"புழுதி தொண்டையில இறங்கிருச்சு. பேச வேணாம்னு நாங்கதான் சொல்லி வெச்சிருக்கோம்."

"பேச வேணாம், பாடச் சொல்லுங்க. நூத்திமூணு டிகிரி காய்ச்சல்லயும் அந்த மனுஷன் வாய் மூடினதில்ல. எழுப்புங்க."

கீழே ஏதோ கிசுகிசுத்தார்கள். அவருக்குப் பிடித்த படகுப் பாட்டை அவள் ஓடவிட்டாள். இரண்டு வரி போனதும் கீழேயிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் இனிமை.

மேனேஜர் தலையாட்டி ரசித்தார். "நல்லாத்தானே பாடுறாரு? எதுக்கு எல்லாரும் கிண்டல் பண்றீங்க?"

பதினோரு வருடங்களாகக் குளியலறையிலிருந்து அவள் கேட்டுவரும் பாட்டு அது. மூன்றாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் அவர் ஒரு நாள்கூட ஒழுங்காக ஏறியதில்லை. இந்தக் குரல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

"அண்ணே, பாடுனது அவரு இல்ல."

அவள் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. உசுரோட இருக்காரா?"

"இருக்கான், தங்கச்சி. என் பிள்ளைங்க மேல சத்தியமா இருக்கான்."

"அப்ப ஒரே ஒரு வரி. எப்பவும் போல கன்னாபின்னான்னு பாடட்டும். இனிமே ஆயுசுக்கும் கிண்டல் பண்ண மாட்டேன்னு சொல்லுங்க."

மேஸ்திரி தணிந்த குரலில் கேட்டார்: "மேனேஜர் சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப நீ பாட்டப் போடும்மா. மேல வந்து சொல்றேன்."

மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். ஆள் போய்விட்டார் என்றுதான் அவர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். கண்ணைத் துடைக்கவும் கை ஒழியாமல், ஒரு குத்தாட்டப் பாட்டை டெலிபோனில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பதினெட்டுப் பாட்டுகள். எல்லாமே ஆட்டம் போட வைக்கிற பாட்டுகள்.

நாலு மணிக்கு வழி திறந்தது. கூண்டு மேலே வந்து நின்றதும் அவள் ஓடினாள். கரி பூசிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினாள். ஆறோடு நின்றுவிட்டது.

"உள்ள வேற யாரும் இல்ல" என்றார் கடைசியாக இறங்கிய மீட்புப் படைக்காரர்.

அவள் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தாள். "எங்கண்ணே அவரு?"

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வாசலில் பஸ் ஒன்று வந்து நின்றது.

"என்னங்க இவ்வளவு கூட்டம்? உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டபடி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார் சுருதி. இஸ்திரி போட்ட சட்டை. அதன் மேல் ஏதோ பாட்டுப் போட்டியில் குத்திவிட்ட நாற்பத்தேழாம் நம்பர் அட்டை.

"இன்னிக்கு ஒரு நாள் என் பேரையும் ரிஜிஸ்டர்ல சேர்த்து எழுதிருங்க, வீட்டுல மட்டும் சொல்லிராதீங்கன்னு..." மேஸ்திரி முனகினார்.

அவள் கணவரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடாகத்தான் இருந்தது. பிறகு அவர் இறங்கிய அதே பஸ்ஸில் ஏறி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டாள்.