அரை பாட்டில் தீர்த்தம்

மந்தைவெளி வீட்டு காம்பவுண்டுக்குள், ஐரின் பத்து மாதமாய் நட்டு நட்டாகக் கழற்றிப் பூட்டிய பழைய மோட்டார் சைக்கிள் காலை வெயிலில் செக்கச்செவேலென்று நிற்கிறது. அவள் பன்னிரண்டாவது முறையாக உதைக்கிறாள். வண்டி ‘உம்’ என்றுகூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? முதல் ஓட்டமாயிற்றே என்று கணவன் ரொனால்ட் வேளாங்கண்ணித் தீர்த்தத்தை அரை பாட்டில் எஞ்சின்மேல் ஊற்றியிருக்கிறான். “பிளக் நனைஞ்சுபோச்சு ரொனால்ட்! தெளிக்கச் சொன்னா குளிப்பாட்டி வெச்சிருக்க!” பிளக்கைக் கழற்றிக்கொண்டு அவள் சமையலறைக்கு ஓடுகிறாள். அடுப்பிலிருந்து பால் இறங்குகிறது, இடுக்கியில் பிளக் ஏறுகிறது; நீல நெருப்பில் ஈரம் சுர்ரென்று அடங்குகிறது. மாதா உருவப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ரொனால்ட் வாசலிலேயே நிற்கிறான். சூடு ஆறுவதற்குள் பிளக்கைத் திருகிப் பூட்டி, ஒரே உதை. டுபுடுபுவென்று வண்டி உயிர் பிடிக்க, கொடியில் காயும் துணியெல்லாம் அதிர்கிறது. மாடிவீட்டு ஜன்னல் திறக்கிறது. மூக்கு நுனியில் கரியோடு ஐரின் சிரித்தபடி ஹெல்மெட்டை மாட்டுகிறாள். “ஏறு, சாந்தோம் வரைக்கும் போய்ட்டு வரலாம்.” பின்னால் ஏறி உட்கார்ந்த ரொனால்ட், மிச்சத் தீர்த்தத்தை மொத்தமாக அவள் ஹெல்மெட்டில் கவிழ்க்கிறான். “இன்னா பண்ற? அதான் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சே!” “வண்டிமேல நம்பிக்கை வந்துடுச்சு. ஓட்டறது நீயாச்சே!”