காலி பண்ணிக் குடுக்குற நாள்

"ஏட்டி மகாலட்சுமி, அட்வான்ச வாங்கி வச்சுக்கிட்டு எத்தன தடவதான் தேதிய மாத்துவ?"

வாசல்ல வச்சே கேட்டுட்டேன். மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு எனக்குப் பேசத் தெரியாது.

பின்ன என்ன? மொதத் தடவ மூலப்பத்திரத்தக் காணோம்னா. பாத்தா பீரோவுலதான் இருக்கு. ரெண்டாந் தடவ கரிநாள்னா. பாவம் எலியேசர் சார், வீட்ட வாங்குறவரு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாத்தியாரா இருக்காரு. ரெண்டு தடவையும் லீவப் போட்டுட்டு ராசபாளையம் வந்து பத்திர ஆபீசுல நாள் பூரா உக்காந்துட்டுப் போனாரு.

இந்த வியாபாரத்தப் பேசி முடிச்சதே நாந்தான். புரோக்கர் கெடையாது. பத்து பைசா கமிஷன் வாங்கல. பக்கத்து வீட்டுக்காரி, புருசன் வைத்தியத்துக்குப் பணமில்லன்னு அழுதாளேன்னு செஞ்சது.

புரோக்கர் இல்லாம விக்கும்போது சூதானமா இருக்கணும். கான்சாபுரத்துல எங்க சின்னம்மா மக தோப்ப வித்தா. கெணத்துப் பங்கப் பத்திரத்துல எழுதாம விட்டுட்டாக. வாங்குனவன் தண்ணி பாச்சப் போனா, இவ மோட்டார் ரூமப் பூட்டிக்கிட்டு, "தோப்பத்தானய்யா வித்தேன், தண்ணிய வித்தனா?"ங்கா. இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுக்கு நடக்காக. அவ மக கல்யாணத்துல அந்த வக்கீலு வந்து மொய் எழுதுன கூத்து இருக்கே… அது கெடக்கட்டும்.

வீடு மகாலட்சுமி புருசன் சமுத்திரம் பேர்ல இருக்கு. அட்வான்ஸ் அம்புட்டும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போச்சு. போன மாசம், "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க"ன்னு டாக்டரு அனுப்பிட்டாரு. ரெண்டு வாய் கஞ்சி எறங்குறதே பெரிய பாடு.

"மனசுல வச்சுக்காத தாயி. அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா வாரிசு சர்டிபிகேட்டு, அது இதுன்னு ஆறு மாசம் இழுத்துரும். ரேகை வைக்கத் தெம்பு இருக்கும்போதே முடிச்சிரு"ன்னேன்.



"புதன்கெழம வாரோம் ஆச்சி"ன்னா.

புதன்கெழம பத்திர ஆபீசுக்கு அவர ஆம்புலன்ஸ்லதான் கொண்டாந்தா. படியேற முடியாதுன்னு ஆபீசரம்மாவே எறங்கி வந்தாக. தங்கமான பொம்பள.

"சம்மதத்தோடதான விக்கிறீக?"

சமுத்திரம் தலைய ஆட்டுனாரு. மிஷின்ல ரேகை விழ மாட்டேங்கு. மகாலட்சுமி அவரு பெருவெரல முந்தானையால தொடச்சுத் தொடச்சு வச்சா. நாலாந் தடவ விழுந்துச்சு.

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வயசுலயும் முத்து முத்தா எழுதுறீகளேன்னு கிளார்க்கு தம்பி சொன்னாரு. எங்க டீச்சரு அப்பவே சொல்லும்.

மிச்சப் பணத்துக்கு டிடி குடுத்தாச்சு. எலியேசர் சார் கூச்சத்தோட பக்கத்துல வந்தாரு.

"சாவி குடுத்தீங்கன்னா… அக்ரிமெண்டுல இன்னைக்கே காலி பண்ணிக் குடுக்கணும்னு இருக்குல்லம்மா? ஞாயித்துக்கெழம பாஸ்டரு வாராரு. வீட்டு ஜெபத்துக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு."

இடுப்புல சொருகியிருந்த சாவிய எடுத்துக் குடுத்தா. ரெண்டு பொட்டியும் ஒரு சாக்குப் பாத்திரமும் ஆம்புலன்ஸ்ல அவரு கால்மாட்டுலயே இருந்துச்சு.

டிரைவர் தம்பி வண்டிய ஸ்டார்ட் பண்ணுனான்.

"எங்கக்கா போகணும்?"

மகாலட்சுமி அவரு மூஞ்சியில வெயில் படாம முந்தானைய மறைச்சுப் பிடிச்சா.

"அக்கா, வெயிலு அவருக்கு ஆகாது. எந்தத் தெருன்னு சொல்லுங்க."

"தெரியலப்பா"ன்னா.

எலியேசர் சாருக்கு மொகம் மாறிப் போச்சு. "என்னம்மா இது? வாடகைக்கு வீடு பாக்கலையா?"

"பதினோரு வீடு பாத்தேன் சார். தேதிய மாத்துனதெல்லாம் அதுக்குத்தான். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சரின்னு பேசுவாக. இவரு நெலமையக் கேட்டதும், எங்க வீட்டுல வச்சு ஏதாச்சும் ஆயிட்டா பொறவு யாரு குடி வருவான்னு கதவச் சாத்திருவாக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அவரு அந்த வீட்டுலயே முடிஞ்சிருந்தா, நீங்க வாங்கியிருப்பியளா சார்?"

அவரு சாவிய இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமா மாத்திக்கிட்டு நின்னாரு. வண்டிக்குள்ள இருந்து சமுத்திரம், "வீட்டுக்குப் போவமா, ஏட்டி?"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு.

எலியேசர் சாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆத்திரத்தோட கேட்டாரு.

"சாகப் போற மனுசனுக்கு ஒரு ரூமு குடுக்காதவுகளும் மனுசங்களா? யாரும்மா அவிய? பேரச் சொல்லுங்க. நானே போயி கேக்கேன்."

மகாலட்சுமி எம் பக்கம் திரும்பக்கூட இல்ல.

"யாரோ தெரியாதவுக சார்"னுட்டு வண்டியில ஏறிக் கதவச் சாத்திக்கிட்டா.

முந்தாநாள் சாயங்காலம் வந்து கேட்டவள, வெள்ளையடிக்க ஆளு வருதுன்னு சொல்லி நான் திருப்பி அனுப்புன எங்க வீட்டுப் பின்கட்டுதான், அந்தப் பதினோராவது வீடு.