ஃபைபர் கெண்டைக்கால்

பஸ் செய்வதைவிடக் கெண்டைக்கால் செய்வது நூறு மடங்கு கடினம்.

முப்பத்தெட்டு வருடம் நாமக்கல் பட்டறையில் பஸ்ஸுக்கு ஃபைபர் முகம் செய்தவன் சொல்கிறேன். நான் தேய்த்து அனுப்பிய பஸ்ஸில் பெண்கள் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். டிரைவர் ஹாரன் அடித்துத்தான் நகர்த்த வேண்டும்.

போன வருடம் சர்க்கரை நோய் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கம்பியும் ரப்பர் பாதமும் மாட்டிவிட்டார்கள். நடக்க வசதிதான். பார்க்கத்தான் சைக்கிள் பம்பு.

நாளைக்குச் சேந்தமங்கலத்தில் மச்சினன் மகள் மதுமதிக்குக் கல்யாணம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் பந்தி பரிமாறாத கல்யாணம் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கம்பி தெரிந்தால் பேண்ட்தான் என்று என் மனைவி வசந்தாமணி சொல்லிவிட்டாள்.

பேண்டா? நானா?

போன வாரமே கம்பியைச் சுற்றி ஒரு கால் செய்ய உட்கார்ந்தேன்.

ஃபோம் கட்டியைக் கத்தியால் செதுக்கினேன். வலது காலையே பார்த்துச் செதுக்கியதில் இன்னொரு வலது கால் வந்துவிட்டது. அடுத்ததைக் கண்ணாடியில் பார்த்துச் செதுக்கினேன். ஃபைபர் துணி சுற்றி, ரெசின் பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டேன். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால்தான் பள்ளம் தெரியும். மயிரிழைப் பள்ளம் ஒன்றுக்காக ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். பறந்த தூளில் எங்கள் ஊர் மல்லசமுத்திரமே மூன்று நாள் தும்மியது.

இன்று காலை, அடித்த தோல் நிறப் பெயிண்ட் காய்ந்ததும், அதை மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வசந்தாமணி குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏனுங்க, காலு செய்யச் சொன்னா கர்லாக்கட்டையச் செஞ்சு வெச்சிருக்கறீங்க? எந்தக் குருடனுக்கும் தெரிஞ்சு போயிருமுங்க. பேசாம பேண்டையே போட்டுக்கங்க.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஓர் ஈ வந்தது. பண்ணை ஈ, குருவி அளவு இருக்கும். நேராக என் ஃபைபர் கெண்டைக்காலில் உட்கார்ந்தது.

பட்டென்று ஓர் அடி வைத்தாள் வசந்தாமணி. ஈ தப்பித்துக்கொண்டது.

அடித்த வேகத்தில் அவளே பதறிப்போனாள்.

“அய்யோ சாமி, வலிக்குதுங்களா?” என்று அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிட்டாள்.

“உசுரே போவுது,” என்றேன். “இன்னுங் கொஞ்சம் கீழ தேயி.”