பேட்டரி இல்லாத சாட்சி

"அதக் கழட்டிடும்மா," என்றார் மேனேஜர்.

அவள் அசையவில்லை.

மேசைமேல் இருந்த திரையில் மூன்றாம் ப்ளோயரின் அதிர்வுக் கோடு சிவப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கொதிகலனுக்குக் காற்று ஊதும் ராட்சத விசிறி அது. சுவருக்கு அப்பால் ஓடினாலும் இந்த அறையின் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அதன் இறக்கை ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. எதிரே நின்று உயிரை விட்டவன் அவளுடைய தம்பி.

விசாரிக்க வந்தவர்கள் அதிர்வு அளக்கும் சென்சாரின் பதிவைக் கேட்டார்கள். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது என்றார் மேனேஜர். அறிக்கையில் அப்படியே ஏறியது. ஓடுகிற விசிறியின் அருகே போனது தொழிலாளியின் கவனக்குறைவு என்பதும் சேர்ந்து ஏறியது.

கவனக்குறைவாம். கழற்றிய செருப்பைக்கூட ஜோடி பார்த்துச் சுவரோரம் விடுகிறவன் அவன். ஆலையில் அவனுக்குப் பட்டப்பெயரே 'ஜோடி'தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அதே ஆலையில், சென்சார்களை மாட்டிக் கழற்றும் கருவிப் பிரிவிலேயே வேலை பார்த்தாள். மேனேஜர் எதிரே வந்தால் வணக்கம் வைத்தாள்.

போன மாதம் அரசின் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையிலிருந்து புதுவகை சென்சார் ஒன்று சோதனைக்கு வந்தது. எந்த இயந்திரத்தில் மாட்டலாம் என்று கேட்டபோது மூன்றாம் ப்ளோயரில் என்று முதல் ஆளாகப் பதில் சொன்னவள் அவள்தான்.

கட்டைவிரல் அளவுக் கருவி. உள்ளே ஒரு மெல்லிய தகடு. விசிறி அதிர்ந்தால் தகடும் அதிரும். தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த அதிர்விலிருந்தே எடுத்துக்கொள்ளும். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. நடுக்கம்தான் அதற்குத் தீனி. நடுக்கம் கூடக்கூட அதன் பேச்சும் கூடும்.

பாதுகாப்புத் துறைக்கும் அது நேராகப் பேசும் என்பதை மேனேஜரிடம் சற்றுமுன்தான் சொன்னாள். சொல்வதற்கு முன்பே ப்ளோயர் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ரெண்டே நாள்மா. சரக்கு லோடு போயிடட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்."

அவர் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. அவள் அதை அவசரப்படாமல் பார்த்தாள். மூன்று வருடத் தாகத்துக்கு முதல் மடக்குத் தண்ணீர்.

"ஓடுற விசிறிகிட்ட போறது கவனக்குறைவு சார். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

"நிறுத்திட்டுக் கழட்டு."

"நிறுத்தினா லோடு போகாதே சார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் செய்யும்மா."

"யோசிச்சாச்சு."

கதவைத் தட்டிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ப்ளோயரை நிறுத்தச் சொன்னார். பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டு விசிறி அடங்கியது. ஆலை முழுக்கத் திடீரென்று காது அடைத்ததுபோல் ஆனது.

அவர் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது அவள் எழுதி அனுப்பியிருந்த புகார்.

"அன்னைக்கு பேட்டரி தீரல, அலாரம் அடிக்கக்கூடாதுன்னு அதக் கழட்டிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. கழட்டச் சொன்னது இவர்னும் இருக்கு. கழட்டின ஆள் பேரு மட்டும் இல்லையே?"

மேனேஜர் அவளைப் பார்த்தார்.

அவள் அதிகாரியிடம் பேனாவை வாங்கி, காலியாக விட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.